மாதம் 10 கிலோ குறைப்போம் என்கிற ஷேக் சென்டர்கள்: பணம் கட்டுமுன் படியுங்கள்

சாப்பாட்டுக்குப் பதிலாகப் பவுடர் கலந்த 'ஷேக்' குடிக்கச் சொல்லி மாடி வீட்டிலும் பார்க் வாசலிலும் நடக்கும் 'வெயிட் லாஸ்' சென்டர்களில் ஏமாந்தவர்கள் சொல்வது கிட்டத்தட்ட ஒரே கதை. முதல் வாரம் 3 கிலோ குறைந்தது, வாட்ஸ்அப் குரூப்பில் கைதட்டல், அந்த உற்சாகத்தில் மூன்று மாதப் பேக்கேஜுக்கு மொத்தமாகப் பணம். இரண்டாம் மாதம் முள் நகரவில்லை. கேட்டால், "நீங்க சரியா ஃபாலோ பண்ணல மேடம்." ஷேக்கை நிறுத்தியதும் பழைய எடை.

முதலில் எடை பார்க்கும் நேரத்தைக் கவனியுங்கள். சேரும் நாளில் மாலையில் சாப்பிட்ட வயிற்றோடும், அடுத்த வாரம் காலையில் வெறும் வயிற்றோடும் ஏற்றினால் அதிலேயே 1, 2 கிலோ வித்தியாசம் வரும். கையில் பிடிக்கச் சொல்லும் 'பாடி ஸ்கேன்' கருவி கொழுப்பை நேரடியாக அளப்பதில்லை. உடம்புக்குள் லேசான மின்சாரம் அனுப்பி, அதற்குக் கிடைக்கும் தடையை வைத்துக் கணக்குப் போடுகிறது. தண்ணீர் குடித்திருந்தாலும் வியர்த்திருந்தாலும் எண் மாறும். 'உங்க வயசு 38, உடம்புக்கு 54' என்று பயமுறுத்துவது கருவி செய்தவர் எழுதிய சூத்திரம், நோய் கண்டறியும் பரிசோதனை அல்ல.

அப்படியென்றால் அந்த 3 கிலோ எங்கே போனது? இரண்டு வேளை தண்ணீரில் கலந்த ஷேக், மதியம் ஒரு கப் சாதம், கொஞ்சம் சாம்பார், பொரியல்: நாளுக்கு 800 கலோரி தேறினால் அதிகம். 1,800 கலோரி செலவாகும் ஒரு பெண்ணுக்கு வாரத்தில் 7,000 கலோரி பற்றாக்குறை. ஒரு கிலோ கொழுப்பு கரைய சுமார் 7,700 கலோரி வேண்டும். ஆகக் கொழுப்பு ஒரு கிலோகூட இல்லை. மீதியில் பெரும்பங்கு, தசையிலும் ஈரலிலும் சேமித்திருந்த கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சத்தும் அதோடு ஒட்டியிருந்த தண்ணீரும். ஒரு கிராம் கிளைகோஜன் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். நாலு நாள் வழக்கம்போல் சாப்பிட்டால் அது திரும்பி வந்துவிடும்.

இதே கணக்கை '30 நாளில் 10 கிலோ' விளம்பரத்துக்குப் போடுங்கள். பத்து கிலோவும் கொழுப்பாகவே குறைய நாளுக்கு 2,500 கலோரிக்கு மேல் பற்றாக்குறை வேண்டும். அந்தப் பெண் ஒரு மாதம் பச்சைத் தண்ணீரைத் தவிர எதுவும் தொடாவிட்டாலும் அத்தனை கொழுப்பு கரையாது!

பணம் போனதைவிட மோசமானவை உண்டு. சர்க்கரை நோய்க்குக் கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் மருத்துவரிடம் சொல்லாமல் சாப்பாட்டைப் பாதியாக்கினால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழலாம். ஷேக்கில் சோயா பவுடர் இருந்தால் அது தைராய்டு மாத்திரை உடம்பில் சேர்வதைக் குறைக்கும். வேகமாக எடை இழந்தவர்களுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டலாம், பித்தப்பைக் கல் வரவும் வாய்ப்பு அதிகம். 'ஸ்லிம்மிங் டீ' என்று கொடுப்பதில் நிலாவாரை இருந்தால் அது வெறும் பேதி மருந்து. லேபிள் இல்லாத கேப்சூலை வாயில் வைக்கவே வேண்டாம். 2011-ல் இந்தியாவில் தடை செய்யப்பட்ட சிபுட்ரமின் என்ற பசி அடக்கும் மருந்து, 'மூலிகை' என்ற பெயரில் விற்ற மாத்திரைகளில் பலமுறை பிடிபட்டிருக்கிறது. வாய் உலர்ந்து, தூக்கம் கெட்டு, நெஞ்சு படபடத்தால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

சென்டர் கற்றுத்தராதது சமையலறையில் இருக்கிறது. ஷேக் பவுடர் டப்பா தீர்ந்தபின் காலையில் என்ன சாப்பிடுவது என்ற கேள்விக்கு அவர்கள் பதில் இன்னொரு டப்பா. ஐந்து இட்லியை மூன்றாக்கி இரண்டு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ சேருங்கள். பதினோரு மணிக்கு பிஸ்கெட் தேடமாட்டீர்கள். மூன்று டீக்குத் தலா இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் நாளுக்கு 120 கலோரி, அதைப் பாதியாக்குங்கள். சமையல் எண்ணெய் ஆளுக்கு மாதம் அரை லிட்டர் போதும். இரவு சாப்பாட்டுக்குப் பின் 15 நிமிடம் நடை, வாரம் இரண்டு நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி. தசை கரையாமல் இருக்க இது அவசியம். எல்லாவற்றையும் திங்கட்கிழமை ஒரேயடியாகத் தொடங்கினால் வியாழனோடு முடியும். ஒன்றை இரண்டு வாரம் பழகியபின் அடுத்தது. வாரத்துக்கு அரை கிலோ குறைந்தாலே நல்ல வேகம். எடையை வாரம் ஒருமுறை, காலையில், கழிப்பறை போய் வந்தபின் பாருங்கள். இடுப்பளவையும் குறித்து வையுங்கள்: பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள் வர வேண்டும்.

'நீங்களும் கோச் ஆகுங்க, டிஸ்கவுன்ட் கிடைக்கும்' என்று கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஆள் சேர்த்தால் பணம் என்கிற பிரமிட் திட்டங்களை நேரடி விற்பனைக்கான 2021 விதிகள் தடை செய்கின்றன. ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் ரசீது, விளம்பர நோட்டீஸ், 'இத்தனை கிலோ குறையும்' என்று அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். பிரிக்காத டப்பாக்களைத் திருப்பிக் கொடுக்கும்போது எத்தனை, எந்தத் தேதி என்று கையெழுத்தோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.