லெட் இட் கோ: பல வருஷமா வீட்ல ஓடுற பாட்டுக்கு ஒரு ரிவ்யூ

ஃப்ரெண்ட் ஒருத்தன் நேத்து மெசேஜ் போட்டிருந்தான், பொண்ணுக்கு மூணு வயசு ஆகப்போகுது, டிஸ்னியோட ஃப்ரோஸன் கார்ட்டூன் படம் காட்டலாமா, அதுல வர்ற 'லெட் இட் கோ' பாட்டு நெஜமாவே அவ்ளோ டார்ச்சரான்னு. ரெண்டு வரில பதில் போடத்தான் உக்காந்தேன், நீண்டுடுச்சு.

2013ல வந்த படம், அடுத்த வருஷம் ஆஸ்கர், பாடுனது இடினா மென்ஸெல், இதெல்லாம் தெரிஞ்ச கதை. பாட்டு நல்லாருக்கா? நல்லாத்தான் இருக்கு. என் கடுப்பு வேற. இந்தப் பாட்டோட முதல் நிமிஷத்த எங்க வீட்ல யாரும் என்னை நிம்மதியா கேக்க விட்டதே இல்ல.

அந்த முதல் நிமிஷம் இருக்கே, அதான் பாட்டே. பியானோ மட்டும் சன்னமா, சோகமா ஒலிக்கிற மைனர் ஸ்கேல்ல ஆரம்பிக்கும். அவ்ளோ பெரிய மலைல, கையால பனிய உண்டாக்குற சக்தி இருக்குற ராணி எல்சா சின்னதா ஒரு புள்ளி மாதிரி நடந்து வர்றா, பாடுறான்னு கூட சொல்ல முடியாது, தனக்குத்தானே முணுமுணுக்குறா. யாருக்கும் தெரியக்கூடாது, காட்டிக்காத, நல்ல பொண்ணா இருன்னு சின்ன வயசுலேர்ந்து மண்டைல ஏத்துனதெல்லாம் அப்படியே ஒப்பிக்குறா. அப்புறம் அந்த சக்திய மறைக்க போட்டிருந்த கிளவுஸ். ஒரு கைல தான் இருக்கும், கவனிச்சீங்களா? இன்னொண்ணு பார்ட்டில தங்கச்சி ஆன்னா இழுத்த இழுப்புல கழண்டு போனது, பிரச்சனையே அங்க தான ஆரம்பிச்சுது. மிச்சம் இருந்த அந்த ஒண்ணையும் கழட்டி காத்துல விடுறா பாருங்க, எத்தன தடவ பாத்தாலும் எனக்கு சலிக்கல. அதுக்கப்புறம் தான் உற்சாகமா ஒலிக்கிற மேஜருக்கு மாறி கோரஸ்.

ஆனா என் பொண்ணுக்கு வாய் சரியா பேச வர்றதுக்கு முன்னாடியே டேப்லெட்ல வீடியோ ஸ்லைடர விரலால தள்ளத் தெரிஞ்சிருச்சு. பியானோ ரெண்டு நோட்டு கேக்கும், சர்ருன்னு தள்ளி நேரா கோரஸ். சரி குழந்தைன்னு விட்டா, ஸ்கூல் ஆண்டு விழால டான்ஸ் மாஸ்டரும் அதையே பண்றாரு, முன்னாடி இருக்கறத வெட்டிட்டு நேரா கோரஸ்ல தொடக்கம், நீல கவுன் போட்ட பிள்ளைங்க வரிசையா நின்னு ஒரே கத்தல்.

இதை எழுதுனது கிறிஸ்டன் ஆண்டர்சன்-லோபஸ், ராபர்ட் லோபஸ், புருஷன் பொண்டாட்டி. அப்போ கதைல எல்சா வில்லி. பாட்டு வந்தப்புறம் தான், இப்படி பாடுறவள எப்படி வில்லியா வெக்கிறதுன்னு கதையவே திருப்பிப் போட்டாங்க. அந்த வேலைய பாத்தது கோரஸ் இல்ல, அந்த முணுமுணுப்பு தான்னு நான் அடிச்சு சொல்வேன்.

கோரஸ் மேல எனக்கு வெறுப்புன்னு நெனச்சுடாதீங்க. போற போக்குல ஓலாஃப்ங்கிற பனி பொம்மைய கையால செஞ்சு விட்டுட்டு திரும்பிக் கூட பாக்காம போவா, அது அழகு. ஆனா கடைசில வர்ற அந்த உச்ச ஸ்தாயிய எங்க வீட்ல எல்லாரும் ட்ரை பண்ணி எல்லாரும் தோத்தாச்சு. 2014 டிசம்பர் 31 ராத்திரி நியூயார்க் டைம்ஸ் ஸ்கொயர் குளிர்ல நின்னு பாடுனப்போ மென்ஸெலுக்கே அந்த இடம் சறுக்குச்சு, குளிரெல்லாம் எனக்கு ஒரு விஷயமே இல்லன்னு முடியற பாட்டு வேற. உலகமே கலாய்ச்சுது, பாவம். அந்த முடிவு வரியும் மியூசிக்கெல்லாம் அடங்குனப்புறம் அலட்சியமா சொல்லிட்டு கதவ சாத்துவா, செம்ம இடம், ஆனா அது வர்றதுக்குள்ள இங்க "இன்னொரு வாட்டி"ன்னு கை போயிருக்கும். ஆக தலையும் கிடையாது வாலும் கிடையாது.

ரெண்டாம் பாகத்த நாங்க தமிழ்ல பாத்தோம், எல்சாவுக்கு ஸ்ருதி ஹாசன் குரல். அதுல ஒரு இடத்துல, தான் அன்னிக்கு பாடுனத பாத்து எல்சாவே முகத்த சுளிப்பா. என் பொண்ணு விழுந்து விழுந்து சிரிச்சா. இப்போ அவளுக்கு இந்தப் பாட்டே கிரிஞ்சாம். அப்பாடான்னு இருந்தா டேப்லெட் தம்பி கைக்கு போயிடுச்சு, அவனும் அதே இடத்துக்கு தான் தள்றான், யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னே தெரியல.

அதனால டேய், உனக்கு பதில்: காட்டாத. இவ்ளோ நல்ல பாட்டு வீட்ல குழந்தை இருக்கற வரைக்கும் வேண்டாம். பொண்ண தூங்க வெச்சுட்டு நீ மட்டும் ஹெட்ஃபோன்ல கேளு, முதல் நிமிஷத்த தள்ளாம கேளு. அப்புறம் இதே பாட்ட டெமி லொவாட்டோன்னு இன்னொரு பாடகி பாடுன பாப் வெர்ஷன தப்பித்தவறி போட்டுடாத, அதுல ஆரம்பத்துலேர்ந்தே கோரஸ் மூடு தான்.