தேய்ந்த ஆர்எக்ஸ் 100 எஞ்சினுக்குக் கணபதிப் பட்டறையில் நடந்த முழு வேலை: ஒரு மதிப்பீடு

கோவை கணபதியில், பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு லேத் பட்டறையில் என் யமஹா ஆர்எக்ஸ் 100 எஞ்சினை முழுவதுமாகப் பிரித்துப் புதுப்பித்திருக்கிறேன். வேலையின் தரத்துக்கு ஏறக்குறைய முழு மதிப்பெண் கொடுக்கலாம். சொன்ன நாளில் வண்டியைத் தருவதற்குப் பாதி கொடுப்பதே அதிகம். பந்தயத்துக்காகவும் மண் பாதைக்காகவும் டூ ஸ்ட்ரோக் வண்டி வைத்திருப்பவர்கள் "பிஸ்டன் மட்டும் மாற்றினால் போதுமா, முழு எஞ்சினையும் பிரிக்க வேண்டுமா, அல்லது வேறு எஞ்சினையே வாங்கிவிடலாமா" என்று குழம்புவது வழக்கம் என்பதால், இந்தப் பட்டறை அந்தக் கேள்வியை எப்படிக் கையாண்டது என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

வண்டி 1985 முதல் 1996 வரை இங்கே தயாரான அதே 98 சி.சி. மாடல்தான், மட்கார்டை உயர்த்தி, பட்டன் டயர் போட்டு, மண் தடத்தில் ஓட்டுவதற்காக மாற்றியது. கிக்கரை அழுத்தினால் எதிர்ப்பே இல்லாமல் கீழே இறங்கியது, சூடானபின் ஸ்டார்ட் ஆக மறுத்தது, ஆக்ஸிலேட்டரை விட்டவுடன் எஞ்சினின் அடிவயிற்றிலிருந்து கடகடவென்று ஒரு சத்தம் வந்தது. பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டான கிராங்கின் கிளட்ச் பக்கத்து சீல் போனால் கியர் ஆயில் உறிஞ்சப்பட்டு வெள்ளைப் புகை வரும், அதுவும் இருந்தது.

முதலில் யோசித்தது பழைய எஞ்சின் ஒன்றை அப்படியே வாங்கிப் பொருத்துவதைத்தான். சென்னைப் புதுப்பேட்டையிலோ கோவை உக்கடத்திலோ தேடினால் ஆர்எக்ஸ் எஞ்சின் கிடைக்காமல் போகாது. ஆனால் அதன் கிராங்க் எந்த நிலையில் இருக்கிறது என்பது பிரித்துப் பார்க்கும்வரை யாருக்கும் தெரியாது. பிரித்துப் பார்த்தபின் அதற்கும் இதே செலவைச் செய்ய வேண்டியிருக்கும். போதாக்குறைக்கு, எஞ்சின் எண் ஆர்.சி.யில் ஏறியிருப்பதால், மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முறைப்படி பதிய வேண்டும். வந்த வழிக்குச் சான்று இல்லாத எஞ்சினை வைத்துக்கொண்டு அதைச் செய்யவும் முடியாது. தடத்தில் மட்டும் ஓடும் வண்டி என்றால் வேறு விஷயம். சாலையிலும் ஓட வேண்டிய வண்டிக்கு இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இந்தப் பட்டறையின் சிறப்பு, எதையும் கண்ணால் பார்த்து முடிவு செய்வதில்லை என்பதே. சிலிண்டர் பிளாக்கைக் கழற்றியதும் உள்விட்டத்தை அளக்கும் போர் கேஜை உள்ளே விட்டு, மேல், நடு, கீழ் என்று மூன்று உயரங்களில், ஒவ்வொன்றிலும் இரண்டு திசைகளில் அளந்து, எண்களை ஒரு அட்டையின் பின்புறத்தில் பென்சிலால் எழுதிக் காட்டினார்கள். பொதுவாக 0.05 மி.மீ.க்கு மேல் கூம்பலாகத் தேய்ந்திருந்தால் போரிங் செய்தே, அதாவது சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கியே ஆக வேண்டும். என் பிளாக்கில் அது ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது. பிஸ்டனின் இன்லெட் பக்கத்துப் பாவாடையில் (கீழ்ப்பகுதியில்) செங்குத்தான கீறல்கள் மங்கலாக, தோல் உரித்ததுபோல் ஒரு பட்டையாக இருந்தன. ஏர் ஃபில்டர் பெட்டியின் ஓரத்தில் மண் புகுந்ததன் அடையாளம் அது என்று மூத்த மெக்கானிக் அண்ணன் சொன்னார்.

அவர் அடுத்துச் சொன்னதுதான் இந்த வேலையின் அடிப்படை: "மண்ணு முதல்ல போறது கீழதானுங்க. பிஸ்டனை மட்டும் புதுசாப் போட்டா, மேல புதுசு கீழ பழசு, கெடறதுக்கு நாளாகாது." ஃபோர் ஸ்ட்ரோக்கில் கிராங்க் ஆயிலில் நனைந்தபடி தனியாக இருக்கும், டூ ஸ்ட்ரோக்கிலோ பெட்ரோல், 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் ஆயில்), காற்று மூன்றும் கலந்து ஒருவழிக் கதவான ரீடு வால்வு வழியாக முதலில் கிராங்க் கேஸுக்குள் போய், அங்கே அழுத்தப்பட்ட பிறகுதான் மேலே ஏறுகின்றன. ஃபில்டரைத் தாண்டிய தூசி சிலிண்டரைத் தொடுவதற்கு முன் கனெக்டிங் ராடின் கீழ்முனை பேரிங்கைத் தொட்டுவிடுகிறது. மண் தடத்தில் ஓடிய எந்த டூ ஸ்ட்ரோக்குக்கும் டாப் எண்ட் (பிஸ்டனும் சிலிண்டரும் அடங்கிய மேல்பகுதி) மட்டும் போடுவது பெரும்பாலும் வீண் செலவு என்று நான் கருதுவதற்கு இதுவே காரணம்.

கேஸைப் பிரித்தபின் ராடை மேலும் கீழும் இழுத்துப் பார்த்தால் ஆட்டம் கையிலேயே தெரிந்தது. பக்கவாட்டில் சிறிது ஆடலாம், மேலும் கீழும் துளியும் ஆடக்கூடாது. கிராங்கை ஹைட்ராலிக் பிரஸ்ஸில் பிரித்து, ராடு, பின், பேரிங், வாஷர் அடங்கிய கிட்டைப் போட்டு மீண்டும் அழுத்திச் சேர்த்தார்கள். பிறகு நடந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தது பெரிய அனுபவம். இரண்டு வி பிளாக்குகளின் மேல் கிராங்கை வைத்து, டயல் கேஜின் முள்ளைத் தண்டில் தொடவிட்டு, கிராங்கை மெதுவாகச் சுற்றி, முள் விலகும் இடத்தில் சாக்பீஸால் குறித்து, பித்தளைச் சுத்தியலால் ஒரே தட்டு. மறுபடி சுற்றல், மறுபடி தட்டு. முள் 0.03 மி.மீ.க்குள் அடங்கும்வரை அண்ணன் யாருடனும் பேசவில்லை. நகரத்தில் கிராங்கை அழுத்தித் தர நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்த நிதானத்துடன் நேராக்கித் தருபவர்கள் குறைவு.

பிளாக் ஏற்கெனவே 0.50 ஓவர் சைஸில் (அசல் விட்டத்தைவிட 0.50 மி.மீ. பெரிதாக) இருந்ததால் 0.75க்குப் போரிங் போட வேண்டியிருந்தது, அசல் 50 மி.மீ. விட்டம் 50.75 ஆகி, கொள்ளளவு 101 சி.சி.யைத் தொட்டிருக்கிறது. இன்னும் ஒரு சைஸ் மிச்சம் உள்ளது, அதன்பின் சிலிண்டரின் உள்குழாயான ஸ்லீவையே புதிதாகப் போட வேண்டியதுதான். பிஸ்டனை முதலில் வாங்கிவரச் சொல்லி, அதை அளந்து, அதற்கேற்பப் போரிங் போட்டார்கள். பெட்டியில் அச்சிட்ட அளவை நம்பிப் போரிங் போடும் இடங்களைத் தவிர்ப்பது நல்லது. ஹோனிங் (உட்சுவரைத் தேய்த்துச் சீராக்குவது) முடிந்ததும் சிலிண்டர் சுவரில் உள்ள துளைகளான போர்ட்டுகளின் விளிம்பை மழுங்கச் செய்தார்கள். கூராக விட்டால் ரிங் அதில் மாட்டி உடையும். ரிங்கைத் தனியாகச் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனால் சமமாகத் தள்ளி, இடைவெளியை ஃபீலர் கேஜால் பார்த்ததில் 0.2 மி.மீ.க்குச் சற்று மேல் இருந்தது. சரியான அளவு.

குறைகளும் உண்டு. இன்லெட் ரப்பர் வெடித்திருந்ததைக் கவனிக்காமல் பழையதையே மாட்டிவிட்டார்கள். அதன் வழியே காற்று புகுந்தால் கலவை ஆயிலும் பெட்ரோலும் குறைந்ததாகி, புதிய பிஸ்டனே பிடித்துக்கொள்ளும். நான் அதைப் பார்த்துச் சொன்னபின் மாற்றினார்கள். அதேபோல் எஞ்சினின் இன்லெட் வாயையும் சைலன்சர் மாட்டும் வாயையும் அடைத்து, சுமார் 6 பி.எஸ்.ஐ. காற்றைச் செலுத்திக் கசிவு பார்க்கும் சோதனையை அவர்கள் தாமாகச் செய்வதில்லை. கேட்டால் மறுப்பதும் இல்லை. இந்தச் சோதனை இல்லாமல் எந்த டூ ஸ்ட்ரோக் எஞ்சினையும் வாங்கிக்கொள்ளாதீர்கள். மேக்னட் பக்கத்து சீல் லேசாகக் கசிந்தாலும் மேலே செய்த அத்தனை வேலையும் ஒரே மதியத்தில் பாழாகும்.

நேர விஷயத்தில் மன்னிக்க முடியாத அலட்சியம். ஒரு வாரம் என்றவர்கள் அதைப்போல் மூன்று மடங்கு எடுத்துக்கொண்டார்கள், தொலைபேசியை எடுப்பதும் அபூர்வம். பில் கையால் எழுதியதுதான். ஆனால் உதிரிபாகம் வேறு, கூலி வேறு என்று பிரித்திருந்தது, மாற்றிய பழைய பாகங்கள் அத்தனையும் ஒரு பையில் திரும்ப வந்தன. பேரிங், சீல், பிஸ்டன் கிட், ராடு கிட், போரிங், கூலி எல்லாம் சேர்த்து 14,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு.

புதிய பாகங்கள் பழகும் ரன்னிங் இன் காலத்தில் முழு ஆக்ஸிலேட்டர் கொடுக்காமல், ஒரே வேகத்திலும் பிடிக்காமல், இடையிடையே ஆறவிட்டு ஓட்டச் சொன்னார்கள். ஆயில் பம்ப் இருந்தாலும் டேங்கில் சிறிது 2டி ஆயில் கூடுதலாகக் கலக்கச் சொன்னார்கள். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வரும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலுக்காக கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் மெயின் ஜெட்டை ஒரு சைஸ் பெரிதாக்கியதும், மாதக்கணக்கில் நிறுத்துவதானால் கார்புரேட்டரை வடித்துவிடச் சொன்னதும் நல்ல யோசனைகள். எத்தனால் ஈரத்தை இழுத்து கிராங்க் பேரிங்கில் துருவேற்றும். எஞ்சின் இன்று முதல் உதையில் எழுகிறது, கடகடப்பு இல்லை, நடுவேகத்தில் ஆர்எக்ஸுக்கே உரிய அந்தத் திடீர் இழுப்பு திரும்பியிருக்கிறது.

ஆர்எக்ஸ், ஷோகன், சாமுராய் போன்ற வார்ப்பிரும்பு ஸ்லீவ் உள்ள வண்டிகளுக்கு இந்தப் பட்டறையைத் தயங்காமல் நாடலாம். கேடிஎம், யமஹா ஒய்இசட் போன்ற இறக்குமதி மோட்டோகிராஸ் வண்டி வைத்திருப்பவர்கள் கிராங்க் வேலைக்கு மட்டும் வரலாம். அவற்றின் சிலிண்டரில் நிக்கல் சிலிக்கான் கார்பைடு பூச்சு இருப்பதால் போரிங் கருவியைத் தொடவே விடக்கூடாது, பூச்சு போனால் மறுபூச்சோ புதுச் சிலிண்டரோதான். நான் அங்கிருந்தபோது அப்படியொரு சிலிண்டருடன் வந்த இளைஞரிடம் அண்ணன் அதைச் சொல்லி, பணம் வாங்காமல் திருப்பி அனுப்பினார்.