கீபோர்டில் ஒளிர்ந்த ‘-2’: பழைய பேஸ் கிட்டார் வாங்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

நான்கு நாட்களுக்கு முன் பழைய இசைக்கருவிகளுக்கான விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு படத்தில் கண் நின்றது. வெளிர்பச்சைச் சுவர், அதில் ஆணியடித்து மாட்டிய நாட்காட்டி, சுவரில் சாய்த்து வைத்த பேஸ் கிட்டார், ஓரத்தில் ஒரு கீபோர்டின் பாதி. கிட்டார்தான் வேறு. சுவர் அதே சுவர். ஏழு மாதங்களுக்கு முன் அந்தச் சுவருக்கு எதிரே உட்கார்ந்துதான் 85,000 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். வெட்கப்பட்டு வெளியில் அதிகம் சொல்லாமல் இருந்தவனை எழுத வைத்தது அந்தப் படம்தான்.

வெட்கம் ஏன் என்றால், நான் இந்தத் தொழிலுக்குப் புதியவன் இல்லை. மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் மெல்லிசைக் குழுக்களோடு இருபது ஆண்டுகளாக பேஸ், அதாவது அடிக்குரல் தரும் கிட்டார், வாசிக்கிறேன். பகலில் வேறு வேலை. கோயில் திருவிழா, கல்யாணம், ஆண்டு விழா என்றால் இரவில் மேடை. என் பழைய கிட்டார் ஒரு மாசி மாதக் கச்சேரியில் மேடையிலிருந்து விழுந்து தலைப்பகுதி முறிந்துவிட்டது. சித்திரைக்குள் வேறொன்று தேவைப்பட்டது. அந்த அவசரம்தான் முதல் ஓட்டை.

விளம்பரம் இப்படி இருந்தது: ஃபெண்டர் (பெயர்பெற்ற அமெரிக்கக் கிட்டார் நிறுவனம்) ஜாஸ் பேஸ், மெக்சிகோ தயாரிப்பு, நான்கு தந்தி, கூடவே 500 வாட் பேஸ் ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் பெட்டி), பிரிக்காத தந்தி உறைகள் இரண்டு. வெளிநாடு கிளம்புவதால் உடனடி விற்பனை. (ஏழு மாதமாகியும் அவர் கிளம்பியதாகத் தெரியவில்லை.)

பஸ் பிடித்து கோவை சிங்காநல்லூரில் இறங்கினேன். விற்பவரே வந்து பைக்கில் அழைத்துப் போனார். முப்பது வயது இருக்கும். வாய் நிறைய அண்ணா. வீட்டில் காபி வந்தது. “வளைகுடாவில் வேலை பார்த்த என் மாமா 2008-ல் அங்கே வாங்கியது அண்ணா, வீட்டை விட்டு வெளியே போனதே இல்லை” என்றார். நண்பர் ஒருவர் கீபோர்டு முன் தயாராக இருந்தார். “தனியாக வாசித்தால் பேஸின் அருமை தெரியாது அண்ணா, இவரோடு சேர்ந்து வாசித்துப் பாருங்கள்.” நியாயமாகத்தான் பட்டது.

வாசித்தேன். தந்திகள் ஃபிரெட்டை, அதாவது விரல் வைக்கும் பகுதியில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளை, ஒட்டிப் படுத்திருந்தன. விரல் வைத்தால் போதும், வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி இருந்தது. கீபோர்டுடன் சுருதி பிசகாமல் சேர்ந்தது. நடுவில் ஒரு தடவை அந்தக் கீபோர்டின் சிறு திரையில் ‘-2’ என்று இருந்ததைப் பார்த்தேன். பாடுபவருக்கு உச்சம் எட்டவில்லை என்றால் கீபோர்டுக்காரர்கள் அந்தப் பொத்தானைத் தட்டிச் சுருதியை இறக்குவது எங்கள் மேடைகளில் அன்றாட நடப்பு. அதனால் அது எனக்குப் புதுமையாகத் தெரியவில்லை. அந்த அறையில் பாடுவதற்கு யாருமே இல்லை என்பது மட்டும் மண்டையில் உறைக்கவில்லை.

இரவு வீட்டுக்கு வந்து, சுருதி காட்டும் ட்யூனரைச் செருகினேன். மூன்று கட்டையில், அதாவது ஈ-யில், நிற்க வேண்டிய தடித்த தந்தி இரண்டு கட்டையில், டி-யில் நின்றது. மற்ற மூன்றும் அதேபோல் சரியாக ஒவ்வொரு கட்டை கீழே. பஸ் குலுக்கலில் இறங்கியிருக்கும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். குலுக்கலில் இறங்கினால் ஒன்று கால் கட்டை இறங்கும், இன்னொன்று அரைக் கட்டை இறங்கும். நான்கும் ஒழுங்காக ஒரே அளவு இறங்க அவை என்ன ராணுவ அணிவகுப்பா?

சுருதியை ஏற்றி வைத்துவிட்டுத் தூங்கினேன். காலையில் எடுத்தால் வேறு கிட்டார். மகளின் பள்ளிக்கூட ஸ்கேலை வைத்துப் பார்த்தேன்: பன்னிரண்டாம் ஃபிரெட்டுக்கும் தந்திக்கும் இடையே ஐந்து மில்லிமீட்டர். இரண்டு, இரண்டரை இருந்தால் விரலுக்குச் சுகம். ஐந்தில் வாசித்தால் ஒரு மணி நேரத்தில் மணிக்கட்டு கழன்றுவிடும்.

நடந்தது இதுதான். பேஸ் கிட்டாரில் தந்தியின் ஒலிக்கும் நீளம் பொதுவாக 34 அங்குலம். வழக்கமான 45 முதல் 105 வரையிலான தடிமன் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில்) கொண்ட நான்கு தந்திகளைச் சரியான சுருதியில் இழுத்துக் கட்டினால், நான்கும் சேர்ந்து நெக்கை, அதாவது கிட்டாரின் நீண்ட கழுத்தை, ஏறத்தாழ 80 கிலோ விசையில் இழுக்கும். ஒரு கட்டை இறக்கினால் அதில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். விற்றவர் இன்னொன்றும் செய்திருந்தார். மாட்டியிருந்தவை 40 முதல் 95 வரையிலான மெல்லிய தந்திகள். இழுவை அதிலும் குறைந்தது. இழுவை குறைந்தால் நெக் வளையாது, தந்தியும் எழும்பாது. நோயாளியைப் படுக்க வைத்துவிட்டு, இவருக்கு முதுகுவலியே கிடையாது என்று காட்டிய கதை. அந்தக் கிட்டார் நிமிர்ந்து நிற்க வேண்டிய எடையை அன்று அந்த அறையில் சுமக்கவே இல்லை. என் காது சும்மா இருந்ததற்கும் காரணம் கீபோர்டுதான். அந்த ‘-2’ என்பது இரண்டு அரைக் கட்டை, அதாவது ஒரு கட்டை இறக்கம். இரண்டும் சேர்ந்தே இறங்கியிருந்ததால் ஒன்றுக்கொன்று ஒத்துப்போனது. தனியாக வாசித்திருந்தால்கூட நான் கண்டுபிடித்திருப்பேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் சட்டைப் பையில் ட்யூனர் இருந்திருந்தால் அரை நிமிட வேலை.

நெக் வளைவது குற்றம் இல்லை. அதைச் சரிசெய்யத்தான் உள்ளே டிரஸ் ராடு என்னும் இரும்புக் கம்பி இருக்கிறது. அறுமுனை ஆலன் சாவியைப் போட்டுக் கால் சுற்று திருப்பினால் நெக் நிமிரும். திருப்பப் போனேன், நகரவில்லை. மதுரையில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் நாற்பது ஆண்டுகளாகத் தந்திக் கருவிகள் பழுது பார்க்கிறார். அவரிடம் கொண்டுபோனேன். சாவியைப் போட்டு ஒரு முறை அசைத்தார், எடுத்துவிட்டார். “தம்பி, இதை ஏற்கெனவே கடைசிவரை முறுக்கிவிட்டார்கள். இனி முறுக்கினால் மரை போகும், இல்லை கம்பி அறும்” என்றார். பிறகு தலைப்பகுதியிலிருந்து உடலை நோக்கி, துப்பாக்கி குறி பார்ப்பதுபோல் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். தடித்த தந்திப் பக்கம் ஒரு கோணம், மெல்லிய தந்திப் பக்கம் வேறு கோணம். நெக் முறுக்கிக்கொண்டிருந்தது. வளைவை டிரஸ் ராடு எடுக்கும், முறுக்கலை எடுக்காது.

அவர் எனக்குச் செய்து காட்டிய சோதனையை அப்படியே எழுதுகிறேன். முதல் ஃபிரெட்டில் ஒரு விரல், நெக் உடலோடு சேரும் இடத்து ஃபிரெட்டில் இன்னொரு விரல் வைத்துத் தந்தியை அழுத்துங்கள். அழுத்திய தந்தியே நேர்கோல் ஆகிவிடும். நடுவில், ஏழாம் எட்டாம் ஃபிரெட் அருகே, தந்திக்கு அடியில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி இருந்தால் நல்ல நெக். என்னுடையதில் எங்கள் வீட்டுக் குடும்ப அட்டையே நுழைந்திருக்கும். இதைச் சரியான சுருதியில் வைத்துச் செய்ய வேண்டும். அது மறந்தால் எல்லாம் வீண். ஆலன் சாவியையும் கையோடு கொண்டுபோய், விற்பவரையே கால் சுற்று திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் காபியோடு கிளம்பிவிடலாம்.

அடுத்து பெயர். தலைப்பகுதியில் ஃபெண்டர் என்று அழகாக எழுதியிருந்தது, பின்னால் எம்எக்ஸ் என்று தொடங்கும் வரிசை எண். எம்எக்ஸ் என்றால் மெக்சிகோ என்ற அளவில்தான் எனக்குத் தெரியும். பெரியவரின் மகன் சொன்னான்: அந்த முன்னெழுத்து 2010-லிருந்துதான் வருகிறது, அதன் பின்னுள்ள இரண்டு இலக்கங்கள் ஆண்டு. என்னுடையதில் 14 என்று இருந்தது. 2008-ல் மாமா வாங்கிய கிட்டார் 2014-ல் பிறந்திருக்கிறது. மாமாவைச் சும்மா சொல்லக்கூடாது, தீர்க்கதரிசி.

எண் பொருந்தியிருந்தாலும் அதை வைத்து மட்டும் நம்பிவிட முடியாது. உண்மையான கிட்டாரின் எண்ணைப் பார்த்து எழுதிக்கொள்ள எவ்வளவு நேரமாகும்?   அந்த நிறுவனத்தைத் தொடங்கிய லியோ ஃபெண்டர் நெக்கை உடலோடு பசை போட்டு ஒட்டாமல் நான்கு திருகாணிகளால் பொருத்தினார். பழுதானால் கழற்றி மாற்றலாம் என்ற வசதி அதில் உண்டு. அந்த வசதியே ஏமாற்றுகிறவனுக்கும் வசதி. ஓர் உடல், வேறொரு நெக், கடையில் கிடைக்கும் ஒட்டுப்பெயர், முடிந்தது. பெரியவர் நான்கு திருகாணிகளையும் கழற்றினார். நெக் உட்காரும் குழியில் ஓரம் பொருந்துவதற்காகக் காகிதத்தை மடித்துத் திணித்திருந்தார்கள். ஏதோ பரிசுச்சீட்டு மாதிரி இருந்தது. பரிசு எனக்குத்தான் விழுந்தது.

இரைச்சலையும் அன்றே கேட்டிருக்கலாம். ஜாஸ் பேஸில் தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்-அப்கள் இரண்டு. அவை எதிரெதிராகச் சுற்றப்பட்டவை என்பதால் இரண்டின் ஒலியையும் முழுதாகத் திறந்தால் ‘ம்ம்ம்’ என்ற மின் இரைச்சல் அடங்கும், ஒன்றைக் குறைத்தால் திரும்ப வரும். என்னுடையதில் எப்படித் திருகினாலும் ஒரே இரைச்சல். கீபோர்டு நண்பர் ஒரு நொடிகூடக் கையை எடுக்காமல் வாசித்துக்கொண்டே இருந்ததற்கு இப்போது பொருள் புரிகிறது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தோனேசியாவிலும் சீனாவிலும் செய்யப்படும் விலை குறைந்த பேஸ்களை நான் மட்டமாகப் பேசவில்லை. ஃபெண்டரின் விலை குறைந்த வரிசையான ஸ்குவையரில் நல்லது ஒன்று சரியாக அமைந்தால் எங்கள் மேடைகளுக்கு அது தாராளமாகப் போதும். அதன் சொந்தப் பெயரிலேயே, அதன் விலைக்கே விற்றிருந்தால் அவருக்கு நன்றி சொல்லி வாங்கியிருப்பேன்.

ஆம்ப் கதை சுருக்கம். பின்புறம் ‘500 வாட்’ என்று வெள்ளி நிற ஒட்டி. அதைப் பிறகு பிய்த்தபோது அடியில் அச்சிட்ட எழுத்தில் 60 வாட். தொண்ணூறுகளில் வீட்டுச் சவுண்ட் செட்டுகளில் பி.எம்.பி.ஓ. (கண நேர உச்ச சக்தி) என்று ஆயிரக்கணக்கில் வாட் போட்டு விற்றார்களே, அதையாவது ஒரு கணக்கு என்று சொல்வார்கள்; இது வெறும் ஒட்டி. பத்துக்குப் பத்து அறையில் அறுபது வாட்டே ஜன்னலை ஆட்டும், எனவே அங்கே கேட்டு ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. டிரம்ஸ் பக்கத்தில் வைக்கும்போதுதான் வேடம் கலையும். அதைவிட மோசம் உள்ளே இருந்த ஒலிபெருக்கி. பழையது போய்விட்டதால் சாதாரண கிட்டாருக்கான பன்னிரண்டு அங்குல ஒலிபெருக்கியை மாட்டியிருந்தார்கள். கிட்டாரின் அடித் தந்தி 82 ஹெர்ட்ஸ். பேஸின் அடித் தந்தி அதில் பாதி, 41. அந்தக் காகிதக் கூம்பு அவ்வளவு தூரம் முன்னும் பின்னும் ஓடப் பிறந்ததே இல்லை. மேலூர்ப் பக்கம் ஒரு திருவிழாவில் மூன்றாவது பாட்டிலேயே கிழிந்தது. கிழிந்த முறத்தில் புளியங்கொட்டை உருட்டுவது போல ஒரு சத்தம். முன்வரிசைக் குழந்தைகள் சிரித்தார்கள். மீதிக் கச்சேரிக்குச் சவுண்ட் செட் தம்பி ஒரு டிஐ (நேரடி இணைப்பு) பெட்டி கொடுத்து நேராக மிக்ஸரில் சேர்த்துவிட்டதால் மானம் பிழைத்தது. வாங்கும் முன் பின்புறக் கம்பிவலை வழியாக டார்ச் அடித்து, ஒலிபெருக்கியில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். ஒட்டி எதுவாக இருந்தாலும் நகத்தால் சுரண்டுங்கள்.

தந்தி உறைகள் இரண்டும் டி’அடாரியோ என்ற பெயர்பெற்ற தந்தி நிறுவனத்தின் பெயரைப் போட்டிருந்தன. அந்த உறைகளில் நிறுவனத்திடம் பதிவு செய்வதற்கென்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குறியீடு இருக்கும். என் இரண்டு உறைகளிலும் ஒரே குறியீடு. இரட்டைக் குழந்தைகள் போலும். ஒன்றை மாட்டிப் பார்த்தேன். இரண்டாம் நாளே ஒலி செத்துவிட்டது. இளமையில் காசில்லாத காலத்தில், செத்த தந்திகளை அம்மாவின் இட்லிப் பானையில் கொதிக்க வைத்து அழுக்கைக் கழற்றி ஒரு மாதம் ஓட்டுவோம். அப்படி வேகவைத்த தந்திகூட இதைவிட நன்றாக ஒலித்தது. கடையில் ரசீதுடன் வாங்குங்கள். அதற்கு மேல் தந்தியைப் பற்றிச் சொல்ல இல்லை.

விற்றவரிடம் கேட்டேன். முதல் நாள், “பஸ்ஸில் அடிபட்டிருக்கும் அண்ணா.” இரண்டாம் நாள், “நீங்களே வாசித்துப் பார்த்துத்தானே வாங்கினீர்கள்?” மேலூர்க் கச்சேரிக்குப் பிறகு, “மேடையில் வாசித்துக் கிழித்துவிட்டு என்னிடம் வருகிறீர்களா?” அதோடு அண்ணாவும் நின்றது, தொலைபேசியும் நின்றது. வழக்கறிஞர் நண்பர் ஒருவர், முன்பு 420 என்று சொன்னோமே, அது இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 318, புகார் கொடுக்கலாம் என்றார். கொடுத்திருக்கிறேன். ஆனால் என் கையில் இருப்பது குறைவு. விளம்பரத்தை அவர் அன்றே நீக்கிவிட்டார். நான் படம் பிடித்து வைக்கவில்லை. மெக்சிகோ, 500 வாட், மாமா எல்லாம் வாய்ப்பேச்சு. பணம் ரொக்கம். வாங்குவதற்கு முன் அதே கேள்விகளை எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்கியிருந்தால் இன்று காவல் நிலையத்தில் நீட்ட ஏதாவது இருந்திருக்கும். இந்தமுறை அந்தப் புதிய விளம்பரத்தைச் சுவரோடும் நாட்காட்டியோடும் சேமித்துக் கொடுத்துவிட்டேன்.

கிட்டாரை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். எங்கள் குழுவில் ஒரு தம்பி, “பெயர் பளிச்சென்று இருக்கிறது, ஒரு கட்டை இறக்கி வைத்து நாற்பதாயிரத்துக்குத் தள்ளிவிடலாம்” என்று யோசனை சொன்னான். அன்று மாலை பெரியவரின் பட்டறையில் கொஞ்சம் தின்னர் வாங்கிப் பஞ்சில் தொட்டுத் தலைப்பகுதியைத் துடைத்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. எழுத்து முழுதாக உரிந்து பெருவிரலில் ஒட்டிக்கொண்டது. அதற்கடியில், மணல்தாளால் தேய்த்து அழித்த இன்னொரு பெயரின் தடம் மங்கலாகத் தெரிந்தது.