ஊர் வாட்ஸ்அப் செய்திச் சேவை: சேரலாமா, காசு குடுக்கலாமா?

எங்கட பக்கத்துப் பொடியன்கள் கொஞ்சப் பேர் சேந்து நடத்துற செய்திச் சேவை ஒண்டு இரிக்கி, வாட்ஸ்அப், பேஸ்புக், யூடியூப் மூண்டிலயும் வருது, கிழக்குக் கரையில வாகரையில இருந்து பொத்துவில் வரைக்கும் உள்ள செய்திதான் அவங்கட சரக்கு. பேரச் சொல்லேல்ல, ஏனெண்டா நான் சொல்லப்போற நல்லதும் கெட்டதும் ஊருக்கூர் இரிக்கிற இப்பிடியான எல்லாச் சேவைக்கும் பொருந்தும். இப்ப விரும்பினவங்க மாசாமாசம் காசு போடலாம் எண்டு அறிவிச்சிருக்காங்க. போடலாமா, வீண்தானா எண்டு கேக்கிற ஆக்கள் கன பேர் இரிக்கிறதால எழுதுறன். என்ட முடிவ முதலே சொல்லிப்போடுறன்: குடுங்க, ஆனா ஒரு விசயத்தக் கேட்டு வாங்கிக்கொண்டு குடுங்க.

முதல்ல இவங்களால என்ன பிரயோசனம் எண்டு பாப்பம். மாரி வந்தா கிரான் – புலிபாய்ந்தகல் ரோட்டு தண்ணிக்குள்ள போறது எங்க எல்லாருக்கும் தெரிஞ்ச கதை, அந்தப் பக்கத்துச் சனம் மறுகா வள்ளத்திலதான் வந்து போகோணும். ரேடியோவில "கிழக்கு மாகாணத்தில் பலத்த மழை பெய்யக்கூடும்" எண்டு வாசிப்பாங்க, அது பிழை இல்ல, ஆனா விடியக்காலம அந்த ரோட்டால வேலைக்குப் போறவளுக்கு அது காணாது. இந்தப் பொடியன்கள்ல ஒருத்தன் முழங்கால் தண்ணிக்குள்ள போனத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நிண்டு, மதகு எங்க, ரோட்டுக்கர எங்க, மோட்டர்சைக்கிள் எதுவரைக்கும் போகும், வள்ளம் எங்க நிக்குது எண்டு காட்டுறான், உன்னிச்சைக் குளத்துக் கதவு திறந்தா எத்தின அடி திறந்திரிக்கி எண்டு கேட்டுப் போடுறான். கொழும்பில அச்சடிச்சு இரவோட இரவா பஸ்ஸில வாற பேப்பரால இதச் செய்யேலாது, அத அவங்கட குறையா நான் சொல்லேல்ல, அவங்க இரிக்கிற இடம் அப்பிடி.

ஆனா எனக்குக் கோவம் வாற இடமும் இதுதான். அந்தத் தண்ணி வீடியோ அண்டைக்கு இரவே பெரிய டிவி ஒண்டில போச்சு. அவங்கட பேஸ்புக் பக்கத்துட பேர் இரிந்த மூலைய மங்கலாக்கி மேல தங்கட லோகோவப் போட்டிருந்தாங்க, ஆனா கடைசியில அந்தப் பொடியன் ஒரு கிழவியப் பாத்து "பாத்து வாங்க அம்மம்மா, இதில பள்ளம் கா" எண்டு சொல்ற சத்தம் அப்பிடியே கேட்டிச்சு. படத்த எடுத்தவனுக்கு நன்றி எண்டு ஒரு சொல்லு இல்ல, ஒரு சதமும் இல்ல. இதக் கேட்டா "சமூக வலைத்தளத்தில வந்தது" எண்டு சொல்லுவாங்க. சமூக வலைத்தளம் எண்டு ஒருத்தன் தண்ணிக்குள்ள இறங்கி நிக்கேல்ல, அவனுக்கு ஒரு பேர் இரிக்கி.

இதில இன்னுமொரு உள்விசயம் கன பேருக்குத் தெரியாது. இப்பிடியான சின்ன, மாற்று ஊடகம் ஒரு கட்சி, பெரிய ஊடகம் எதிர்க்கட்சி எண்டு நினைக்கிறாங்க, எங்கட பக்கத்தில அப்பிடி இல்ல, ரெண்டுக்கும் எழுதுறது அனேகமா ஒரே ஆள்தான். பிரதேச நிருபருக்கு கனக்க இடத்தில மாசச் சம்பளம் எண்டு இல்ல, போன செய்திக்குத்தான் காசு, போகாததுக்கு ஒண்டுமில்ல, பெற்றோலுக்கும் தன்ட காசுதான். அப்ப அவர் பேப்பருக்கு ஒண்டு அனுப்பி, டிவிக்கு ஒண்டு வெட்டி அனுப்பி, அவங்க எடுக்காம விட்டதத் தன்ட பக்கத்தில போடுறார். பேப்பர் விட்ட மிச்சத்திலதான் சில நேரம் உண்மையான செய்தி கிடக்கும். மயிலத்தமடு – மாதவணை மேய்ச்சல் தரைக்காக 2023 செப்டம்பர்ல சித்தாண்டியில பண்ணையாளர்கள் கொட்டில் போட்டுப் போராட்டமாக் குந்தினாங்களே, தொடங்கின நாளும் ஜனாதிபதி மட்டக்களப்புக்கு வந்த நாளும் பெரிய கமராக்கள் வந்திச்சு, மறுகா அந்தக் கொட்டிலுக்குள்ள திரும்பத் திரும்பப் போய் மாடு செத்த கதையையும் பால் குறைஞ்ச கதையையும் கேட்டது இப்பிடியான சின்னப் பக்கங்கள்தான். பண்ணையாளர் ஒருத்தர் கமராவப் பாக்காம மாட்டத் தடவிக்கொண்டே கதைக்கிற வீடியோ ஒண்டு இரிக்கி, இடையில வெட்டவே இல்ல, காத்துச் சத்தம் காதை அடைக்கும், எண்டாலும் அத முழுசாப் பாத்தாத்தான் அந்த மனிசன் என்ன கேக்கிறார் எண்டு விளங்குது.

ஒரே கை ரெண்டு பக்கமும் எழுதுறது எங்கட ஊருக்குப் புதுசும் இல்ல. மட்டக்களப்பில பிறந்த, தராக்கி எண்ட பேரில எழுதின பத்திரிகையாளர் சிவராம் ஐலண்ட் மாதிரி கொழும்பு ஆங்கிலப் பேப்பர்லயும் எழுதினவர், 1997ல தொடங்கின தமிழ்நெற் செய்தி இணையத்தளத்துக்கும் ஆசிரியரா இரிந்தவர், 2005 ஏப்ரல் 28 பம்பலப்பிட்டியில கடத்தி அடுத்த நாள் பாராளுமன்றத்துக்குக் கிட்ட உடலாக் கண்டெடுத்தாங்க. அதுக்கு முந்தின வருசம், 2004 மே 31, பத்திரிகையாளர் ஐயாத்துரை நடேசன மட்டக்களப்பு டவுனுக்குள்ளயே சுட்டுக் கொலை செய்தாங்க, அவர் எழுதினது 1930ல இருந்து வாற வீரகேசரிக்கு, அதவிடப் பெரிய ஊடகம் இலங்கைத் தமிழில எது? ரெண்டு பேருக்கும் ஆபத்து வந்தது அவங்க வேல செய்த நிறுவனம் பெரிசா சின்னனா எண்டதால இல்ல, எழுதினதால. அதனால "பேப்பர்காரன் எல்லாம் விலை போனவன், நாங்கதான் உண்மை" எண்டு இந்தப் பக்கத்துப் பொடியன்கள் லைவில கதைக்கிறது எனக்குப் பிடிக்கேல்ல, நடேசன் அண்ணனச் சுட்ட ஊரில நிண்டு அப்பிடிக் கதைக்கப்படாது.

இப்ப குறைகளுக்கு வாறன். விபத்து நடந்தா வீட்டாக்களுக்குச் சொல்ல முந்தியே படத்தப் போடுறாங்க, இது பெரிய பிழை, ஒரு தாய் தன்ட மகன்ட முகத்த போனிலயா முதல்ல பாக்கோணும்? "அதிர்ச்சி", "சற்றுமுன்" எண்ட தலைப்புகளும் கூடிப்போச்சு. அரசியல்வாதி உலருணவுப் பொதி குடுத்த படம் நாளுக்கு நாலு வருது, அனுப்பின அறிக்கைய ஒரு எழுத்தும் மாத்தாமப் போடுறாங்க, பத்துப் பக்கத்திலயும் அதே எழுத்துப்பிழையோட அதே அறிக்கைதான் கிடக்கும்.

எல்லாத்தையும் விட மோசம், பிழையா ஒரு செய்தி போட்டா அத அழிக்கிறாங்களே தவிர திருத்திப் போடுறதில்ல. அழிச்சா முடிஞ்சுது எண்டு நினைக்கிறாங்க, அதுக்குள்ள அது நாப்பது குழுவுக்குப் போயிரிக்கும். அம்பாறையில வாழுற எங்களுக்கு இது சும்மா கதை இல்ல. 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை டவுன்ல முஸ்லிம் சாப்பாட்டுக் கடை ஒண்டில கறிக்குள்ள கிடந்த கட்டிய, பிள்ளை பிறக்காமப் பண்ற மலட்டு மருந்து எண்டு சொல்லி, சிங்களம் சரியா விளங்காத கடைக்காரர மடக்கிக் கேட்டு, அவர் தலையாட்டினத வீடியோவாக்கிப் பரப்பினாங்க, கடையும் உடைஞ்சிது பள்ளிவாசலும் உடைஞ்சிது. மறுகா இரசாயனப் பகுப்பாய்வில அது வெறும் மாக்கட்டி எண்டு வந்திச்சு, ஆனா அந்த முடிவ வீடியோ போன வேகத்தில ஆர் பரப்பின? கொஞ்ச நாளில கண்டி திகனயும் எரிஞ்சிது. 2020 மே மாசம் பேஸ்புக்கே தங்கட தளம் அந்தக் கலவரத்துக்குப் பாவிக்கப்பட்டதுக்கு மன்னிப்புக் கேட்டிச்சு.

இதக் காட்டி "பாத்தியா, இதுக்குத்தான் பெரிய பேப்பர் வேணும்" எண்டு சொல்ற ஆக்களுக்கும் ஒரு பதில் இரிக்கி. அம்பாறைச் சம்பவத்துக்கு அடுத்த வருசம், 2019 மே மாசம், அதே மலட்டுக் கதைய, குருணாகல் வைத்தியர் ஒருத்தருக்கு எதிரா, கொழும்பு சிங்கள நாளேடு ஒண்டு முதல் பக்கத்திலயே போட்டிச்சு. ஆசிரியர் இரிந்தார், உதவி ஆசிரியர் இரிந்தார், எல்லாரையும் தாண்டித்தான் அச்சுக்குப் போனது. மறுகா சிஐடி ஆதாரம் இல்ல எண்டு நீதிமன்றத்துக்குச் சொல்லிச்சு, அந்த மனிசன் மறியலுக்குள்ள இரிந்த நாளுகள ஆர் திருப்பிக் குடுக்கிற? ஆகப் போனில வந்தா பொய், பேப்பர்ல வந்தா மெய் எண்டு ஒரு கணக்கு இல்ல. பிழைய ஏத்துக்கொண்டு அதே இடத்தில, அதே அளவு எழுத்தில திருத்துறவன் ஆர் எண்டுதான் நான் பாக்கிறது. பேப்பர் மேல முறைப்பாடு செய்ய பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழு எண்டு ஒண்டாவது இரிக்கி, இந்த வாட்ஸ்அப் சேவை மேல முறைப்பாடு எண்டா நேரா அட்மினுக்குத்தான் மெசேஜ் போடோணும்.

கொஞ்சம் ஆழமா வாசிக்க விரும்புறவங்க மாற்றம் தளத்தையும் கூட வச்சுக்கொள்ளுங்க, அது மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையத்துட வேல, கட்டுரைகள் நிதானமா இரிக்கும். கிரான் ரோட்டுல தண்ணி எவ்வளவு எண்டு அதில பாக்கேலாது, அது அதின்ட வேலையும் இல்ல.

காசு விசயம். இப்ப இவங்கள ஓட்டுறது டியூசன் விளம்பரமும் மரண அறிவித்தலும்தான். விளம்பரம் தாறவர் அரசியல்வாதிக்கு வேண்டியவரா இரிந்தா அவரப் பத்தி எழுதக் கை வராது, சந்தா வந்தா அந்தக் கட்டு கொஞ்சம் தளரும். அதோட 2024ல இணையத்தில போடுறதுகளக் கட்டுப்படுத்துற நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்த பிறகு சின்னப் பக்கம் நடத்துறவனுக்குப் பயம் கூட, பெரிய நிறுவனத்துக்கு வக்கீல் இரிக்கார், இவனுக்கு ஆர் இரிக்கா? ஒரு வழக்குக்கு கொழும்புக்கு நாலு தரம் போய் வந்தாலே பக்கம் மூடிப்போகும்.

என்ட மதிப்பெண் 5க்கு 3.5. வேகத்துக்கும் இடத்தில நிக்கிறதுக்கும் முழுப் புள்ளி, அறிக்கைய அப்பிடியே போடுறதுக்கும் செத்தாக்கள்ட படத்துக்கும் வெட்டு. அவங்களுக்கு நான் எழுதி அனுப்பினதும் இதுதான்: கிழமைக்கு ஒருக்கா "நாங்க விட்ட பிழைகள்" எண்டு ஒரு பதிவு, பிழையான செய்தி போன அதே குழுவுக்கு. அதோட தகவல் அறியும் சட்டம் 2016ல இருந்து இரிக்கி, அமைச்சர்ட படத்தப் போடுற நேரத்துக்கு பிரதேச செயலகத்துக்கு ஒரு விண்ணப்பம் போட்டு, கிரான் ரோட்டுக்கு ஒதுக்கின காசு எங்க எண்டு கேளுங்க. முதலாவதுக்கு ஓம் எண்டு பதில் வந்திரிக்கி, ரெண்டாவதுக்கு "பாப்பம் அண்ணன்" எண்டிருக்காங்க.

சேர்றவங்களுக்கு ஒரு விசயம், செய்திக் குழு வேற, மரண அறிவித்தல் குழு வேற, ரெண்டையும் கேட்டுச் சேருங்க. படமெல்லாம் தானா டவுன்லோட் ஆகும், டேட்டா கொஞ்சமா இரிக்கிறவங்க அத நிப்பாட்டிப்போட்டு உள்ள போங்க.