சுங்கை சிப்புட்டில் ஓர் எடிட்டிங் கணினி

கல்யாணம், கோயில் திருவிழா வீடியோக்களை எடிட் செய்ய 2023இல் சாமான் சாமானாக வாங்கிச் சேர்த்த கணினி இது. மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீடு, அறையில் ஏர்கான் கிடையாது. குளிர் அறையில் வைத்துச் சோதிக்கும் யூடியூப்காரர்களின் கணக்கு இங்கே அப்படியே ஒத்துவராது.

புரோசசருக்கு எல்லோரும் ஏஎம்டியின் ரைசன் 9 7950எக்ஸ் என்றார்கள். 16 கோர், நல்ல சிப்தான். நான் இண்டெல் ஐ7-13700கே எடுத்ததற்குக் காரணம் கேமரா. என் சோனியில் பதிவாவது 10 பிட் 4:2:2 எச்.265 கோப்பு, அதாவது நிற விவரம் அதிகமாக உள்ள, இறுக்கிச் சுருக்கிய வீடியோ. அதை ஹார்ட்வேரிலேயே பிரித்துக் காட்டும் வசதி என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 40 வரிசை கிராபிக்ஸ் கார்டுகளில் இல்லை, இண்டெல் சிப்புக்குள் இருக்கும் குட்டி கிராபிக்ஸில் உண்டு. விலை குறைவு என்று பெயர் ‘கேஎஃப்’ என முடியும் சிப்பை வாங்கிவிடாதீர்கள், அதில் அந்த கிராபிக்ஸே கிடையாது. டாவின்சி ரிசால்வ் ஸ்டூடியோ என்ற எடிட்டிங் மென்பொருளில் மூன்று கேமரா காட்சியைச் சேர்த்து ஓட்டினாலும் இன்றுவரை திக்கவில்லை.

இண்டெலின் 13, 14ஆம் தலைமுறை சிப்கள் மின்னழுத்தக் கோளாறால் கெடுகின்றன என்ற செய்தி 2024இல் வந்தபோது வயிற்றைக் கலக்கத்தான் செய்தது. ஆகஸ்டில் மைக்ரோகோட் (சிப்பின் உள்கட்டளை) திருத்தம் வந்ததும், மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸை அப்டேட் செய்தேன். இண்டெலும் உத்தரவாதத்தை 2 ஆண்டு நீட்டியது. என்னுடையது சேட்டை ஏதும் செய்யவில்லை. ஆனால் ஏற்கனவே சேதமான சிப்பை அந்தத் திருத்தம் சரிசெய்யாது. பழைய 13900கே வாங்க நினைப்பவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

இந்த சிப் முழு வேகத்தில் 253 வாட் வரை இழுக்கும். மதிய வெயிலில் அந்தச் சூடு அறைக்குள்தானே இறங்கும்? பயாஸில் 150 வாட்டுக்குக் கட்டிப்போட்டிருக்கிறேன். முடித்த வீடியோவைக் கோப்பாக்கும் ரெண்டர் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். கூலர் நொக்துவா என்எச்-டி15, வெறும் காற்றுதான். தண்ணீர் கூலரில் பம்ப் போனால் ஈப்போவுக்கோ கோலாலம்பூரின் கணினிக் கடைத்தொகுதியான லோ யாட்டுக்கோ அலைய வேண்டும், கல்யாண வீட்டார் அதுவரை பொறுக்கமாட்டார்கள். இதில் கெடக்கூடியது ஃபேன் மட்டுமே.

ரேம் 32 ஜிபி குச்சி இரண்டு. இந்த டிடிஆர்5 வகையில் நான்கு குச்சிகளைச் செருகினால் வேகம் இறங்கும்.

கிராபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 4080, 16 ஜிபி. “4090 எடு மச்சான்” என்று நண்பன் விடாமல் நச்சரித்தான். அது 450 வாட், இது 320. 4கே எடிட்டிங்குக்கு 4090இன் 24 ஜிபி எனக்குத் தேவைப்படவே இல்லை. மிச்சமான வெள்ளியை கரண்ட் பக்கம் போட்டேன். இந்தக் கணினியில் நான் செய்த உருப்படியான காரியம் அதுதான் என்பேன்.

மாலை மழையும் இடியும் நம் ஊரில் தெரிந்த கதை. கணினி வாங்குமுன் எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். பழைய தோட்டத்து வீடுகளில் மூன்று முள் சாக்கெட் இருக்கும், மூன்றாவது முள் எங்கும் போய்ச் சேர்ந்திருக்காது. எர்த் இல்லாமல், திடீரென எகிறும் மின்னழுத்தத்தைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டர் தன் வேலையை ஒழுங்காகச் செய்யாது. கரண்ட் போனால் பேட்டரியில் ஓட்டும் யுபிஎஸ் 1500 விஏ, வீட்டுக் கரண்ட் போலவே சுத்த சைன் அலை தருவது. இன்றைய நல்ல பவர் சப்ளைகளில் சில மலிவு யுபிஎஸ்ஸின் படிக்கட்டு அலை பிடிக்காமல், கரண்ட் போன நொடியிலேயே அணைந்துவிடும். அப்புறம், யுபிஎஸ் இருக்கிறதே என்று இடியின்போது வேலையைத் தொடராதீர்கள். ரவுட்டரிலிருந்து வரும் லேன் கேபிளும் செம்புதான், மின்னல் அதிலும் பாயும். நான் கரண்ட் பிளக், லேன் கேபிள் இரண்டையும் பிடுங்கிவிட்டுத் தேநீர் போடப் போய்விடுவேன்.

கேஸ் விஷயத்தில் கண்ணாடியையும் விளக்கையும் பார்க்காமல் காற்று புகும் வலைக்கண்ணைப் பாருங்கள். புகைமூட்டக் காலத்தில் ஃபில்டர் சாம்பல் நிறத்தில் அப்பிப்போகும். கழற்றிக் கழுவ வசதி வேண்டும். பின்பக்கம் காலி ஸ்லாட்டுகளை மூடியே வையுங்கள், பல்லிக்கு அந்த வெதுவெதுப்பு ரொம்பப் பிடிக்கும். எறும்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கரண்ட் பில்? சுவரிலிருந்து 500 வாட் என்று வைத்து 4 மணி நேரம் ரெண்டர் செய்தால் 2 யூனிட். 2025 ஜூலைக்கு முந்தைய கட்டணத்தில் மாதம் 301 முதல் 600 யூனிட்டுக்குள் ஓடும் வீட்டுக்கு யூனிட் 51.6 காசு, ஆக ஒரு வெள்ளி சொச்சம். அதைக் கல்யாண பில்லில் சேர்த்துவிடுகிறேன்.