பரணில் கிடக்கும் கணினியா, புது டேப்லெட்டா?

பிள்ளைக்குக் கணினி பழக்க வேண்டும் என்றதும் பலருக்கும் முதலில் தோன்றுவது புது டேப்லெட். பரணில் தூசி படிந்து கிடக்கும் டெஸ்க்டாப் நினைவுக்கே வராது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பழையதைத் தூக்கிப் போட எனக்கு மனம் வரவில்லை.

டேப்லெட் தொட்டதும் விழித்துக்கொள்ளும். வரைய, படிக்க, வீடியோ பார்க்க அருமையான கருவி. எழுத உட்கார்ந்தால்தான் சிக்கல். கண்ணாடியில் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தால் பத்து விரல் தட்டச்சு எப்படிப் படியும்? ஃபோல்டர் என்றால் என்ன, கோப்பு எங்கே போய்ச் சேர்ந்தது என்பதையெல்லாம் பெரும்பாலான செயலிகள் கண்ணில் காட்டுவதே இல்லை.

பழைய கணினியில் இவற்றைக் கற்காமல் நகர முடியாது. வேகம் போதாதே என்பார்கள். 1982-ல் வந்த காமடோர் 64 என்ற வீட்டுக் கணினியின் நினைவகம் வெறும் 64 கிலோபைட். ஆன் செய்ததும் பேசிக் என்ற நிரல் மொழியில் ஆணை கேட்டு நிற்கும். அதில் நிரல் எழுதிப் பழகியவர்கள் ஏராளம். பரணில் கிடப்பதில் 2 ஜிபி ரேம் (நினைவகம்) இருந்தாலே அதற்குப் பக்கத்தில் மலை.

அப்புறம், பழையதைத் தைரியமாகத் திறக்கலாம். மின்வயரைக் கழற்றிவிட்டு, பக்கவாட்டு மூடியை எடுத்து, ரேமின் இருபுறக் கொக்கியையும் தளர்த்தி உருவி, அதன் மஞ்சள் விளிம்பை அழிரப்பரால் மெல்லத் தேய்த்துத் திரும்பச் சொருகினால், கிளம்பாமல் அடம்பிடித்த கணினி ஒரு பீப் சத்தத்தோடு எழுந்துவிடுவதுண்டு. அப்போது பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும்! ஆன் செய்யும் போதெல்லாம் தேதி பழைய வருடத்துக்கே போகிறதா? மதர்போர்டு என்ற முதன்மைப் பலகையில் காசு போல இருக்கும் சிஆர்2032 பேட்டரியை மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். பவர் சப்ளை பெட்டியை மட்டும் திறக்க விடாதீர்கள். வயரைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். பழைய குழாய் மானிட்டரும் அப்படித்தான்.

பழையது தோற்கும் இடம் இணையம். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரிலும் வழக்கமான ஆதரவு, அதாவது பாதுகாப்புப் புதுப்பிப்பு, முடிந்துவிட்டது. அந்த விண்டோஸை வைத்துக்கொண்டு பிள்ளையை இணையத்தில் விடுவது கதவைத் திறந்துபோட்டுத் தூங்குவது மாதிரி. 64 பிட் ப்ராசசர் இருந்தால், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தின் எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போடுங்கள். 2 ஜிபியில் ஓடும், 4 ஜிபி இருந்தால் நிம்மதி. ஹார்டு டிஸ்க்குக்குப் பதில், அதைவிட வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி பொருத்தினால் வித்தியாசம் உடனே தெரியும். விளையாடிக் கற்க ஜிகாம்ப்ரி, வரைய டக்ஸ் பெயின்ட், நிரல் எழுத பைத்தான் எல்லாமே இலவசம். ஒருமுறை நிறுவிவிட்டால் இணையமே வேண்டாம்.

பழையது அறவே கிளம்பவில்லையா? விசைப்பலகைக்குள்ளேயே கணினியை அடக்கி 2020-ல் வந்த ராஸ்பெர்ரி பை 400-ஐ டிவியில் இணைத்துக்கொள்ளலாம். ஆனால் திறந்து பார்க்கும் சுகம் அதில் குறைவு.

எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளை என்றால் நான் டெஸ்க்டாப்பைத்தான் கொடுப்பேன், அதுவும் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி கூடத்தில் வைத்து. வீடியோ எடிட்டிங், முப்பரிமாண வடிவமைப்பு என்று ஆசை வளரும்போது புது லேப்டாப் பார்த்துக்கொள்ளலாம். எவ்வளவு ரேம் வேண்டும் என்று அதற்குள் பிள்ளையே சொல்லும்.