மார்த்தாண்டம் மாடி ஸ்டுடியோவில் ராப் பதிவு: மைக்செட்காரன் காதுக்கு எப்படி?

கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டத்தில் ராப் பாட்டு பதிவு செய்து தருகிற ஸ்டுடியோ ஒன்று இருக்கிறது. மேம்பாலத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, ஒரு ஜவுளிக்கடைக்கு மேல் மாடியில். வெளியே போர்டு கிடையாது. பையன்கள் ஒருத்தனைக் கேட்டு ஒருத்தன் வந்து சேருகிறார்கள். அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு போன வகையில் எனக்கும் அந்த இடம் பழக்கமாகிவிட்டது. நல்லது கெட்டது இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

நான் தக்கலைப் பக்கம் மைக்செட் வைத்திருப்பவன். கோயில் கொடை, சர்ச் திருவிழா, கல்யாண வீடு, கட்சிக் கூட்டம் என்று ஓடுகிற பிழைப்பு. ராப் வந்த பிறகு என் தொழிலே மாறிப்போனது. முன்பெல்லாம் கிளப் பையன்கள் ஓணத்துக்கோ பொங்கலுக்கோ செட் பேச வந்தால் எத்தனை பாக்ஸ் என்றுதான் கேட்பார்கள். இப்போது சப், அதாவது அடிச்சத்தத்துக்கான பெரிய ஸ்பீக்கர், எத்தனை இஞ்ச் என்று கேட்கிறார்கள். நெஞ்சில் வந்து இடிக்க வேண்டுமாம். கயிறு இழுக்கும் போட்டிக்கும் பரிசு கொடுப்பதற்கும் நடுவில் எவனாவது ஒருத்தன் கார்ட்லெஸ் மைக்கைப் பிடித்துக்கொண்டு சொந்தமாக எழுதியதைச் சொல்ல ஆரம்பிப்பான். வார்டு மெம்பர் முதல் டாஸ்மாக் வரை எல்லாரும் அதில் வருவார்கள். மெம்பரும் முன்வரிசையில் உட்கார்ந்து சிரிப்பார். இதே விஷயத்தை மனுவாக எழுதிக் கொடுத்தால் அந்தச் சிரிப்பு இருக்காது.

இந்த இசைமேல் எனக்குத் தொழில் வழியில் ஒரு சொந்தம் உண்டு. இதை ஆரம்பித்ததே ஒரு மைக்செட்காரன்தான். 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் கட்டடத்தில், சிண்டி கேம்பல் என்ற பெண் ஒரு பார்ட்டி வைத்தார். பள்ளி திறக்கும் முன் துணிமணி வாங்கக் காசு சேர்ப்பதற்காக. டிக்கெட் பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50. பாட்டு போட்டது அவருடைய அண்ணன் கிளைவ், அதாவது டிஜே கூல் ஹெர்க். ஜமைக்காவிலிருந்து போன குடும்பம். அந்த ஊரில் தெருவில் பாக்ஸை அடுக்கிப் பாட்டு போடுவது பெரிய தொழில். ஹெர்க் ஒரே ரெக்கார்டில் இரண்டு பிரதி வைத்துக்கொண்டு, ஆட்டத்துக்குத் தோதான தாளப் பகுதியை மட்டும் மாற்றி மாற்றி ஓட்டி நீட்டிக்கொண்டே போனார். அந்தத் தாளத்தின்மேல் மைக்கில் பேசியது வளர்ந்து வளர்ந்துதான் இன்றைய ராப். தங்கச்சி வைத்த பார்ட்டி என்பதால் செட்டுக்கு வாடகை தேறியிருக்காது, அது வேறு கதை.

சரி, ஸ்டுடியோவுக்கு வருவோம். பதிவுக்கு மணிக்கு 600 ரூபாய், மிக்ஸிங்குக்குத் தனியாக 2,500. அறை சின்னது. சுவரில் முட்டை அட்டை ஒட்டி ஏமாற்றாமல் ஒழுங்காகக் கம்பளியும் ஃபோமும் அடித்திருக்கிறார்கள். மைக் நல்ல கண்டென்சர், முன்னால் வாய்க்காற்று மைக்கில் அடிக்காமல் தடுக்கிற பாப் ஃபில்டர், கேபிள் எதிலும் கரகரப்பு இல்லை. இதெல்லாம் சரியாக இருக்கிற இடம் நம்ம மாவட்டத்தில் அதிகம் இல்லை.

அங்கே எனக்கு ரொம்பப் பிடித்தது, ஸ்டுடியோ நடத்துகிற தம்பி, வருகிற பையன்களை நடத்துகிற விதம். மருமகன் எழுதிக்கொண்டு போனது டிப்பர் லாரிகளைப் பற்றி. ராத்திரி பகல் பார்க்காமல் கல்லும் ஜல்லியும் ஏற்றிக்கொண்டு களியக்காவிளை வழியாகக் கேரளாவுக்குப் போகிறதே, அந்த லாரிகள். விஷயம் நல்ல விஷயம். ஆனால் எழுத்து முழுக்க வடசென்னை. ‘மச்சி’, ‘கெத்து’, ‘சீன்’ என்று ஒரே அலப்பறை. தம்பி ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்: “நீ எந்த ஊரு மக்கா?”

“திருவட்டாறு அண்ணே.”

“வீட்ல அம்மகிட்ட இப்பிடியா பேசுவ?”

பையன் முழித்தான். தம்பி ஒரு பேனாவைக் கொடுத்து வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார். அந்த நேரத்துக்குக் காசு வாங்கவில்லை. திரும்பி வந்தபோது முதல் வரி இப்படி இருந்தது: “டிப்பரு வருது, ஒதுங்குல மக்கா. எனக்க மல போவுது, பாருல மக்கா.” எனக்குச் சிலிர்த்துவிட்டது. ‘என்னுடைய’ என்பதற்கு நாங்கள் சொல்கிற அந்த ‘எனக்க’வை மேடையில் கேட்டால் நம்ம ஆட்களே சிரிப்பார்கள். நாகர்கோவிலில் காலேஜில் சேர்ந்ததும் முதலில் மறைக்கிற பேச்சு அது. அதைத் தாளத்தில் வைத்து அழுத்திச் சொன்னபோது சிரிப்பு வரவில்லை.

எல்லை ஓரம் இருப்பதில் ஒரு வசதி, பையன்கள் இரண்டு பக்கமும் கேட்கிறார்கள். தமிழ் ராப்பர் அறிவையும் கேட்கிறார்கள், மலையாளத்தில் பாடுகிற திருச்சூர் வேடனையும் கேட்கிறார்கள். வேடனின் அம்மா யாழ்ப்பாணத் தமிழர். சாதியையும் நிலத்தையும் பற்றி இரண்டு பேரும் பாடுவது இந்தப் பிள்ளைகளுக்கு மொழி பெயர்க்காமலே புரிகிறது. கழுத்துச் சங்கிலியும் கார் பவுசும் மட்டும் பாடுகிற ராப்பும் அங்கே பதிவாகிறது, இல்லை என்று சொல்லவில்லை. (சங்கிலி பார்க்க நமக்கு ராப் எதற்கு, ஒரு கல்யாண வீட்டுக்குப் போனால் போதாதா?) பெண்களை இழிவாகப் பேசும் வரி வந்தால் தம்பி பதிவை நிறுத்திவிடுகிறார். அதற்காகவே ஒரு மார்க் கூட.

இனி குறைகள். கதவு சரியாக அடைபடவில்லை. நல்ல டேக் ஒன்றின் நடுவே கீழே ரோட்டில் ஒரு டிப்பர் ஹார்ன் அடித்துவிட்டுப் போனது, அப்படியே மைக்கில் ஏறிவிட்டது. நான் இன்னொரு டேக் போகச் சொன்னேன். பையனும் தம்பியும் அது இருக்கட்டும் என்று பிடிவாதம். பாட்டுக்குப் பொருத்தம்தான், ஒத்துக்கொள்கிறேன். அடுத்து வருகிறவன் காதல் பாட்டு பாடினால் என்ன செய்வார்?

பெரிய குறை பேஸ், அதாவது அடிச்சத்தம். ராப்பில் அடிவயிற்றில் உருளுகிற அந்தச் சத்தத்துக்கு 808 என்று பெயர். ரோலண்ட் கம்பெனி 1980இல் விட்ட டிஆர்-808 டிரம் மெஷினிலிருந்து வந்தது. விலை போகாமல் சில வருஷத்தில் தயாரிப்பையே நிறுத்தினார்கள். பழைய மெஷின்கள் மலிவாகக் கிடைத்ததால் காசில்லாத பையன்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தது. இங்கே ஸ்டுடியோவில் இருப்பது ஐந்து இஞ்ச் மானிட்டர் ஸ்பீக்கர். அதில் அடிச்சத்தம் குறைவாகத்தான் கேட்கும், அதனால் தம்பி பேஸை ஏற்றி ஏற்றி வைத்துவிட்டார். வீட்டுக்குக் கொண்டுவந்து என் பதினெட்டு இஞ்ச் சப்பில் போட்டேன். ஓட்டுக் கூரை அதிர்ந்ததே தவிர ஒரு வார்த்தை விளங்கவில்லை. போனில் போட்டால் நேர்மாறு, பேஸே இல்லை. ராப்பில் வார்த்தை கேட்கவில்லை என்றால் அப்புறம் என்ன மிச்சம்? திருப்பிக் கொடுத்தபோது முகம் சுளிக்காமல், காசும் கேட்காமல் சரிசெய்து தந்தார். நீங்கள் போனால் முதல் மிக்ஸை பென்டிரைவில் வாங்கி, காரிலும் போனிலும் பெரிய செட்டிலும் போட்டுப் பார்த்துவிட்டு மீதிக் காசைக் கொடுங்கள்.

பீட், அதாவது பாட்டுக்கு அடியில் ஓடுகிற தாள இசை, அந்த விஷயத்திலும் கவனம். யூடியூபில் ‘ஃப்ரீ பீட்’ என்று கிடைப்பதெல்லாம் இலவசம் இல்லை. பலவற்றில் காசு பார்க்கக் கூடாது என்ற நிபந்தனை இருக்கும், பாட்டை ஏற்றியதும் காப்பிரைட் நோட்டீஸ் வரும். இதைத் தம்பியே முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும், நான் கேட்ட பிறகுதான் சொன்னார். தனியாகப் பீட் போட்டுத் தர 3,000 வாங்குகிறார். கொடுக்கலாம்.

அக்காவுக்கு இதில் ஒன்றும் பிடித்தம் இல்லை. “பாட்டு பாடினா லாரி நின்னுருமாடே?” என்று என்னைத்தான் பிடித்தாள். நிற்காது. கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசக் கழிவைப் பற்றி 2015இல் சோஃபியா அஷ்ரஃப் ஒரு ராப் வீடியோ போட்டதை அவளுக்குச் சொன்னேன். ஆலை 2001இல் மூடியது, தொழிலாளர்கள் அதிலிருந்தே போராடிக்கொண்டிருந்தார்கள். வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு கம்பெனி ஒப்பந்தம் போட்டது. போராடியது அவர்கள், பாட்டு ஊரைக் கூட்டிக் கொடுத்தது. அக்கா பதில் சொல்லவில்லை, ஆனால் மிக்ஸிங் காசில் பாதியை அவள்தான் கொடுத்தாள்.

மொத்தத்தில் ஐந்துக்கு மூன்றரை. பதிவுக்கும் தம்பியின் பொறுமைக்கும் நம்பிப் போகலாம், கதவையும் மானிட்டரையும் மாற்றினால் நாலரை கொடுப்பேன். கீழே பைக் நிறுத்த இடம் இல்லை, பஸ்ஸில் போவதே நல்லது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் நேரம் வாங்காதீர்கள். பக்கத்து சர்ச் ஆராதனை முழுசாக உங்கள் மைக்கில் ஏறிவிடும். அந்தச் செட் என்னுடையது இல்லை.